கத்துக்குட்டியின் கோடுகள்

என் பிழைப்பே பிறர் சொல்வதை நம்பாமல் இருப்பதுதான். வாகனக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சர்வேயராக இருக்கிறேன். வண்டி இடித்துவிட்டது, கதவு நசுங்கிவிட்டது, காசு கொடுங்கள் என்று யாராவது வந்து நின்றால், நான் போய் அந்த வண்டியைப் பார்த்து, இது தானாக நடந்த சேதமா, காசுக்காகச் செய்த சேதமா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இத்தனை வருடத்தில் என் காதில் பூச்சுற்றிவிட்டுப் போனவர் என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. பட்டறைக்குள் நான் நுழைந்தால் மெக்கானிக்குகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. நடந்த சேதத்துக்கு ஒழுங்கு கிடையாது. சுவரில் உரசிய கீறல் ஓரிடத்தில் ஆழமாக இறங்கியிருக்கும், ஓரிடத்தில் காணாமல் போயிருக்கும், நடுவில் ஒரு துள்ளு துள்ளியிருக்கும். சுத்தியலும் கையுமாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் அப்படி அடிக்க மாட்டான். அவன் கை அவனை அறியாமலேயே சம இடைவெளி விட்டு, சம ஆழத்தில், வரிசையாக அடித்துக்கொண்டு போகும். சீராக இருந்தால் அது செய்ததுதான். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு பெரிய பெரிய ஆட்களின் வாயையெல்லாம் அடைத்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் புகைப்படத்தோடு கையால் வரைந்த படமும் ஒன்று இணைக்க வேண்டும். புகைப்படத்தில் வெளிச்சம் மாறினால் பள்ளம் மேடாகத் தெரியும், அதனால் இந்த ஏற்பாடு. அதுவரை யாரும் என் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. புதிதாக வந்த மேலாளர், என் தம்பி வயசுகூட இருக்காது, என் தாளைத் தூக்கிப் பிடித்து, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

"மேடம், இது பம்பரா, தலையணையா?"

மொத்த ஆபீசும் குனிந்துகொண்டு சிரித்தது. எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அந்த வாரத்தில்தான் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. வழக்கமாக அதில் தண்ணீர் மோட்டார், யார் வண்டி யார் இடத்தில் நிற்கிறது, இந்தச் சண்டைகள்தான் ஓடும். இது, பென்சில் பிடிக்கத் தெரியாதவர்களுக்கான இணைய ஓவிய வகுப்பு. யாரிடமும் மூச்சு விடாமல் சேர்ந்துகொண்டேன். வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. எல்லோரையும் குறை சொல்கிற நான் உருளைக்கிழங்கு வரையக் கற்றுக்கொள்கிறேன் என்றால் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அந்த வகுப்புக்கு ஒரு முறை இருந்தது. யாரும் சொந்தப் பெயரில் வரக்கூடாது, ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். மாஸ்டர் வாரா வாரம் இரண்டு பயிற்சி கொடுப்பார். ஒன்று வடிவத்துக்கு: பெட்டி, உருளை, பந்து. இன்னொன்று மேற்பரப்புக்கு: தாளில் நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளின் சொரசொரப்பையோ வழவழப்பையோ பென்சிலால் கொண்டுவர வேண்டும். வரைந்ததைப் படம் பிடித்துப் போட்டால் மற்ற மாணவர்கள் குறை நிறை சொல்வார்கள். நீங்கள் இரண்டு பேருக்குக் கருத்து சொன்னால்தான் உங்களுக்கு ஒன்று கிடைக்கும். நான் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்துக்கொண்டேன். என் பந்தைப் பார்த்து ஒருவர் 'தட்டு அருமை' என்று எழுதினார். அது பாராட்டா கிண்டலா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன்.

பிறருக்குக் கருத்து சொல்வதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. அதுதானே தொழில். மற்றவர்கள் எல்லாம் 'சூப்பர்', 'கலக்குங்க' என்று பூப்போட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் எந்தப் பெட்டியின் எந்த மூலை எங்கே கோணுகிறது என்று எழுதுவேன். சிலர் நான் வந்தாலே பதில் போடாமல் ஓடிவிடுவார்கள்.

'கத்துக்குட்டி' என்று ஒருவர் இருந்தார். அவருடைய தாளைத் திறந்ததுமே என் மூக்கு வேர்த்துவிட்டது. மேற்பரப்புக் கட்டங்கள் நான்கும் பிரமாதம். துவாலையின் நூல் சுருள்கள் தொட்டால் ஈரமாக இருக்கும் போல இருந்தன. ரொட்டியின் பொத்தல்கள் அப்படியே ரொட்டி. ஆனால் பக்கத்தில் இருந்த பெட்டிகளும் உருளைகளும் படு மோசம். ஒரு நேர்க்கோடு நேராக இல்லை, எல்லாம் நடுங்கிக்கொண்டு போயின. துவாலை வரையத் தெரிந்த கைக்குப் பெட்டி வரையத் தெரியாதா?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடுகளின் நடுக்கம் ரம்பத்தின் பல் மாதிரி இருந்தது. ஒவ்வொரு பல்லும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. கற்றுக்கொள்கிறவன் கை இப்படியா நடுங்கும்? ஓரிடத்தில் தடுமாறும், ஓரிடத்தில் தெரியாத்தனமாக நேராகப் போய்விடும். இது சீராக இருந்தது. சீராக இருந்தால் செய்ததுதான்.

எனக்குக் கதை புரிந்துவிட்டது. நன்றாக வரையத் தெரிந்த ஆசாமி ஒருவர் தெரியாதவர் போல நடிக்கிறார். இன்னும் கொஞ்ச நாளில் திடீரென்று அற்புதமாக வரைந்து, பாருங்கள் என் முன்னேற்றத்தை என்று காட்டி, சொந்தமாக வகுப்பு தொடங்கி நம் தலையில் மிளகாய் அரைக்கப் போகிறார். எல்லோர் பார்வையிலும் படும்படி எழுதினேன்: 'உங்க கோடு தானா நடுங்கல. வேணும்னே ஆட்டிப் போட்டிருக்கீங்க. நடுக்கம் முழுக்க ஒரே அளவு. இது உங்க கையோட குறை இல்லை, நீங்களே செய்யறது. நிறுத்திக்கோங்க.'

சண்டைக்கு வருவார் என்று தயாராகக் காத்திருந்தேன். பதில் வந்தது. 'ரொம்ப ரொம்ப நன்றி. நீங்க சொன்னது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதின்னு உங்களுக்குத் தெரியாது.'

மோசடிக்காரன் என்று சொன்னதற்கு நன்றி சொல்கிறவரை நான் அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த ஆளை விடுவதாக இல்லை.

வீட்டிலும் அந்தச் சமயத்தில் எனக்கு நிம்மதி இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கடுகு மாதிரி திருகாணிகளோடும் மயிரிழை மாதிரி கம்பிகளோடும் போராடுகிற வேலை. சட்டை, பேன்ட், பழைய கைக்கடிகாரம் என்று இருந்த மனுஷன், சில மாதங்களாக டி-ஷர்ட்டுக்கு மாறியிருந்தார். ஐம்பதைத் தொட்டவருக்குத் திடீரென்று என்ன இளமை? சேதி அனுப்பினால் எழுதுவதில்லை, குரல் பதிவாகத்தான் பதில் வரும், அதையும் அறைக்கு வெளியே போய்ப் பேசிவிட்டு வருவார். என்னோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பதையும் விட்டுவிட்டார். "கடையிலேயே குடிச்சுட்டேன்" என்பார். யாரோடு குடித்தீர்கள் என்று கேட்டால், "கூட்டாளியோடதான், வேற யாரு" என்று மென்று விழுங்குவார். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒன்றாக அடுக்கினால் கணக்கு உதைத்தது.

மேல்மாடியில் ஒரு நர்ஸ் குடியிருக்கிறாள். இரவு வேலை, பகலெல்லாம் வீட்டில் இருப்பாள். ஒரு நாள் நான் படியேறி வரும்போது அவளும் என் வீட்டுக்காரரும் படித் திருப்பத்தில் நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது. பேச்சு நிற்கும் சத்தம் எனக்குப் பழக்கமானது.

"என்னங்க விஷயம்?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. அண்ணாகிட்ட போன் ரிப்பேர் ஆகுமான்னு கேட்டேன்," என்றாள். அவள் போன் அவள் கையில் புத்தம் புதிதாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் நான் நம்பிவிடுவேனா?

அடுத்த வாரப் பயிற்சியில்தான் எனக்குச் சரியான துப்புக் கிடைத்தது. கத்துக்குட்டி இந்தத் தடவை போட்ட மேற்பரப்புக் கட்டங்களில் மூன்றாவது, பிரம்பு நாற்காலியின் கைப்பிடிப் பின்னல். வழக்கம்போல அபாரம். ஆனால் பின்னலின் ஓரத்தில் ஓரிடத்தில் பிரம்பு அறுந்து, அந்த இடத்தை ஒரு மெல்லிய கம்பியால் மூன்று சுற்று சுற்றி, முனையைப் பன்றிவால் மாதிரி சுருட்டி விட்டிருந்தது. பிரம்பு நாற்காலியை சார்ஜர் கம்பியால் தைக்கிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவரை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த நாற்காலி என் படுக்கையறையில் ஜன்னலோரம் கிடக்கிறது.

நிழலைப் பார்த்தேன். இடப்பக்கமிருந்து வெயில். அந்த ஜன்னலில் முற்பகலில் மட்டும்தான் வெயில் வரும். அந்த நேரத்தில் நான் பட்டறைகளில் திரிந்துகொண்டிருப்பேன். அவர் கடையில் இருக்க வேண்டும். வீடு பூட்டியிருக்க வேண்டும். பூட்டிய என் வீட்டில், என் படுக்கையறையில் உட்கார்ந்து என் நாற்காலியைச் சாவகாசமாக வரைந்துகொண்டிருப்பது யார்? அந்த விளம்பரம் வந்தது எங்கள் குடியிருப்புக் குழுவில். பகலில் வேலைவெட்டி இல்லாமல் இருப்பவள் மேல்மாடியில் ஒருத்திதான்.

கடைக்குப் போன் போட்டேன். கூட்டாளிதான் எடுத்தார்.

"அவர் இருக்காராப்பா?"

"அண்ணனா? இப்பதான் அண்ணி, டீ குடிக்க அப்படிக் கிளம்பினார்."

"எப்ப வருவார்?"

"வந்துடுவார்... ஒரு பார்ட்ஸ் வாங்கவும் போவார்னு நினைக்கறேன்."

டீ குடிக்கப் போனவர் பார்ட்ஸ் வாங்கவும் போவார். பொய் சொல்லத் தெரியாதவன் எப்போதும் ஒரு காரணத்துக்கு இரண்டாகச் சொல்வான். நான் போனை வைத்துவிட்டு, பட்டறையில் பார்க்க வந்த வண்டியின் பானெட் மேலேயே கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றேன். கோபம் இருந்தது. அதற்குக் கீழே பயமும் இருந்தது. நான் நல்ல சர்வேயராக இருக்கலாம், நல்ல மனைவியாக இருந்தேனா என்று யாராவது வந்து மதிப்பிட்டால் என்ன எழுதுவார்கள் என்று தோன்றியது.

நேரே போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்பார். இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன். பிறகு எதற்குக் கேட்பது? ஆதாரத்தைச் சேர்த்துக்கொண்டு கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். அதற்கு என்னிடம் நல்ல வழி ஒன்று இருந்தது.

கத்துக்குட்டிக்குக் கருத்து எழுதினேன். 'மேற்பரப்பு நல்லா வருது. வடிவம்தான் பலவீனம். பழக்கமான பொருளா வரைங்க. உங்க வீட்டு வாசல்ல இப்ப கிடக்கற செருப்பை, இருக்கறது இருக்கறபடி வரைஞ்சு போடுங்க.'

மறுநாளே வந்தது. சொன்ன பேச்சை அப்படியே கேட்டிருந்தது அந்தப் பிராணி. இரண்டு ஜோடி. ஒன்று ஆண் செருப்பு, குதிகால் ஒரு பக்கம் தேய்ந்தது. என் வீட்டுக்காரர் நடக்கிற தேய்மானம் எனக்குத் தெரியாதா? இன்னொன்று பெண் செருப்பு, பக்கவாட்டில் சின்ன பக்கிள் வைத்தது. என்னிடம் பக்கிள் வைத்த செருப்பே கிடையாது. கோடுகள் எல்லாம் ரம்பப் பல்.

'நல்ல முயற்சி' என்று எழுதினேன். எழுதிய என் விரல் எரிந்தது. 'அடுத்து, உருளைக்குப் பயிற்சி வேணும். உங்க மேஜை மேல இப்ப இருக்கற டம்ளரை வரைங்க.'

இரண்டு டம்ளர் வந்தது. ஒன்று நிறைய, ஒன்று பாதி. நிழல் இடப்பக்கத்து வெயிலில். ஒன்றின் பக்கத்தில் ஒன்று, நெருங்கி.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அப்படிப் பார்க்கற?" என்றார்.

"எதையாவது சொல்லணும்னா சொல்லிடுங்க."

எதையோ சொல்ல வாயெடுத்தார், நான் கவனித்தேன். பிறகு, "ரொட்டி கொஞ்சம் காஞ்சிருக்கு," என்றார்.

மறுநாள் மேலாளரிடம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டேன். ஏன் என்றார். சேதம் ஒன்று பார்க்க வேண்டும் என்றேன். பொய்யில்லை. முற்பகல் வெயில் ஏறும் நேரத்துக்கு வீட்டு வாசலில் நின்றேன். பக்கிள் செருப்பு வாசலில் கிடந்தது. ஒழுங்காக, ஜோடி சேர்த்து, தன் வீடு மாதிரி கழற்றி விட்டிருந்தாள். சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினேன். என் வீட்டுக்குள் நானே திருட்டுத்தனமாக நுழைய வேண்டியிருந்தது.

படுக்கையறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் எதிரே முக்காலியில் உட்கார்ந்து, அவருடைய வலது கையைத் தன் கையில் ஏந்தியிருந்தாள்.

"எழுந்திருங்க ரெண்டு பேரும்!" என்று கத்தினேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. "எத்தனை நாளா நடக்குது இது?"

அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை. அந்தத் திமிரைப் பார்த்து எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் பயம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

"கத்தறதுன்னா அப்புறமா கத்துங்கக்கா. முதல்ல இதைப் பாருங்க."

அவருடைய விரல்களை நீட்டிப் பிடித்து, அதன் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டாள். தாள் நடுங்கியது. காற்றில் ஆடுவது போல இல்லை. விட்டுவிட்டு இல்லை. ஒரே அளவாக, ஒரே வேகத்தில், சின்னச் சத்தத்தோடு நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"படியில ஒரு நாள் சாவியைப் பூட்டுல நுழைக்க முடியாம நின்னாரு. அப்பதான் பார்த்தேன்," என்றாள் நர்ஸ். "உங்ககிட்ட சொல்லச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. பெரிய டாக்டர்கிட்ட நேரம்கூட வாங்கிக் குடுத்தேன். போகலை. யாரோ பூதக்கண்ணாடியாம். கோட்டைப் பார்த்துட்டு, இது கைக்கோளாறே இல்ல, நீங்களே ஆட்டறதுன்னு சொல்லிட்டாங்களாம். அதை வேதவாக்கா பிடிச்சுக்கிட்டாரு."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"டாக்டர் இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் இருப்பார். நீங்களாச்சும் கூட்டிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் நின்றாள். என்ன நினைத்து நான் கத்தினேன் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "நல்லா நினைச்சீங்க போங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அவளிடம் நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

மேஜை மேல் தாள்கள் கிடந்தன. எல்லாம் பெட்டிகள், பெட்டிகள். ஒவ்வொன்றின் மூலையிலும் தேதி. வாசல் செருப்பு, இரண்டு டம்ளர், நாற்காலிப் பின்னல், நான் பார்த்ததெல்லாம் இருந்தது. டி-ஷர்ட் ஏன் என்று இப்போது தெரிந்தது. பித்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை. சேதி ஏன் குரலில் வந்தது, தேநீர் ஏன் என் முன்னால் குடிக்கவில்லை, எல்லாம் தெரிந்தது. எல்லாவற்றையும் நான் சரியாகத்தான் கவனித்திருந்தேன். ஒன்றுக்குக்கூட சரியான காரணம் எழுதவில்லை.

"கடையில?" என்று கேட்டேன்.

"கம்பியை ஒட்டவைக்க சோல்டர் வைக்க முடியல. சின்ன வேலையெல்லாம் கூட்டாளிதான் பார்க்கறான். வெயில் ஏறினா என்னை வீட்டுக்கு அனுப்பிடறான். வாடிக்கையாளர் முன்னாடி கை ஆடினா கடை பேர் போயிடும்ல." வேறு யாரையோ பற்றிப் பேசுவது போலச் சொன்னார். "தினமும் பெட்டி வரைஞ்சா, நேத்தைவிட இன்னைக்கு மோசமா இல்லையான்னு தெரியும்னு வரைய ஆரம்பிச்சேன். துவாலை, ரொட்டியில எல்லாம் கை ஆடறது சொரசொரப்போட கலந்துடும், பெட்டிக் கோட்டுலதான் மாட்டிக்கும். ஆனா என் கண்ணை என்னால நம்ப முடியல. ஆசையில நல்லாத்தான் தெரியும். முன்னப்பின்ன தெரியாத ஆள் பார்த்துச் சொன்னா உண்மை தெரியும்னு அந்தக் குழுவில போட்டேன்."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"உங்கிட்டயா?" என்று லேசாகச் சிரித்தார். "மத்தவங்க சொன்னா பாதியை விட்டுட்டு பாதியை நம்பிக்கலாம். நீ பார்த்துட்டு மோசம்னு சொல்லிட்டா அவ்வளவுதான். அதுக்கு மேல போய் முறையிட இடமே கிடையாது."

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் இடது கையால் போனை எடுத்து எனக்குக் காட்டினார். "இந்த ஆளைப் பாரேன். ஈவு இரக்கமே கிடையாது. எல்லாரும் சூப்பர் சூப்பர்னு போடுவாங்க, இந்த ஆள் மட்டும் கிழிச்சுத் தொங்க விடுவார். அப்பேர்ப்பட்டவரே பார்த்துட்டு, நடுக்கம் உன் கையோட குறை இல்ல, நீயே செய்யறதுன்னு சொன்னா, அதுல ஏதோ இருக்கணும்ல? சரி, மனசுல இருக்கற பயம்தான் போலிருக்கு, பயத்துல நானே ஆட்டிக்கறேன், கையில ஒண்ணும் இல்லைன்னு இருந்தேன். அன்னைக்குத்தான் ரொம்ப நாள் கழிச்சு நல்லாத் தூங்கினேன்."

"அந்த ஆள் நான்தாங்க."

அவர் புரியாமல் பார்த்தார்.

"பூதக்கண்ணாடி நான்தான். செருப்பை வரையச் சொன்னது, டம்ளரை வரையச் சொன்னது, எல்லாம் நான்தான்."

முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வாசல் பக்கம் பார்த்தார். செருப்பை எதற்கு வரையச் சொன்னேன் என்பது அவருக்கு மெல்ல விளங்குவதை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சரி," என்றார். "நீயாவே இருந்துட்டுப் போகட்டும். ஆனா, வேணும்னே ஆட்டறதுன்னு எழுதினப்ப அது யாரோட கோடுன்னு உனக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"கோட்டை மட்டும்தானே பார்த்துச் சொன்ன?"

"ஆமா."

"அப்ப அது சரியாத்தானே இருக்கணும்? ஆளைத் தெரியாம சொல்றதுதானே சரியான மதிப்பீடு? நீயே எத்தனை தடவை சொல்லியிருக்க." முகத்தில் அப்படி ஒரு ஆவல். எனக்கு எதிராக எனக்காகவே வாதாடிக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவைகூட தப்பாப் பார்த்ததில்லையே."

அவர் ஒரு புதுத் தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார். பென்சிலை வலது கையில் பிடித்தார். "இன்னொரு தடவை பாரு. இப்பப் பார்த்துச் சொல்லு."

பெட்டி ஒன்று வரைந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நெற்றி வியர்த்தது, தாடை இறுகியது, தோளிலிருந்து விரல்வரை மொத்த உடம்பும் அந்தக் கோட்டை நேராகக் கொண்டுபோகப் பாடுபட்டது. இதுவரை நான் கோட்டை மட்டும்தான் பார்த்திருந்தேன். அதை இழுக்கிற கையை அப்போதுதான் பார்த்தேன். ரம்பப் பற்கள் ஒவ்வொன்றாக, ஒரே அளவில், அவர் கெஞ்சுவதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் வந்துகொண்டிருந்தன. முடித்துவிட்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். தேதி பார்த்து முதல் தாளைத் தேடி எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

நன்றாக இருக்கிறது, முன்பைவிடப் பரவாயில்லை என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய்யாக ஒரு கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். போட்டால் இன்றிரவும் நன்றாகத் தூங்குவார். டாக்டர் சாயங்காலம் போய்விடுவார்.

"நான் எழுதினது தப்புங்க," என்றேன். "நீங்க ஆட்டல. கை தானா ஆடுது. தேதி போட்டிருக்கற முதல் தாளையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். கூடியிருக்கு. கிளம்புங்க, டாக்டர்கிட்டப் போகலாம். நான் கூட வரேன்."

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பென்சிலைக் கீழே வைத்தார். அது உருண்டு மேஜை விளிம்புக்குப் போனது. இரண்டு பேருமே அதைப் பிடிக்கவில்லை.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் சொன்ன எதையும் நீ நம்பினதில்ல," என்றார். "இந்தக் கை சொல்றதையும் நம்பாம இருந்திருக்கலாம்."